வாய் வேறு, உடம்பு வேறு

கைவிரலில் உண்டான ஒரு சிறு கீறலிலிருந்து நாள் தவறாமல் மூன்று வாரம் இரத்தம் கசிந்துகொண்டேயிருக்குமானால், எத்தகைய துணிச்சல்காரரும், எத்தகைய சிக்கனக்காரரும்கூட, நான்காவது வாரத்துக்குக் காத்திராமல் வைத்தியரைத் தேடிப் புறப்பட்டுவிடுவார். அதே மனிதர், காலையில் பல் துலக்கிக் கொப்பளித்துத் துப்பும் நீரில் இழையோடி வரும் செந்நிறத்தை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தும், அதை ஒரு வியாதியாகக் கருதுவதில்லை. உடம்பில் சூடு என்பார். பிரஷ் முரடு என்பார். நாற்பது வயதுக்குமேல் எல்லோருக்கும் உள்ளதுதானே என்று பக்கத்து வீட்டுக்காரரையும் துணைக்கு அழைத்துக்கொள்வார். ஈறு நோய் முற்றியவர் வாயில், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விழுந்த பள்ளங்களில் அழன்று புண்பட்டுக் கிடக்கும் பரப்பையெல்லாம் ஒன்றாக விரித்து அளந்தால் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை தேறும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவு அகலமான ஆறாத புண் ஒன்று முழங்காலில் இருந்தால் வீடே அல்லோலகல்லோலப்படும். வாய்க்குள் இருக்கிறபடியால் அது புண் என்ற பெயரையே பெறாமல், இருபது வருஷம் முப்பது வருஷம் நம்மோடு குடித்தனம் நடத்திவிட்டு, கடைசியில் பற்களையும் அழைத்துக்கொண்டு போகிறது.

இந்த அலட்சியத்துக்கு அறியாமை ஒன்றே காரணமென்று எனக்குத் தோன்றவில்லை. படித்தவரும் பாமரரும், செல்வரும் வறியவரும் இதில் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள். வாய் என்பது சரீரத்தின் வாசலில் தனியே அமைந்த ஓர் உபகரணம், அதற்கு நேரும் கேடு அதோடு முடிந்துபோவது, என்னும் எண்ணம் நம் மனத்தில் ஆழப் பதிந்து கிடக்கிறது. அவ்வெண்ணத்துக்கு நம்முடைய ஆசாரங்கள் ஒரு விதத்தில் துணை செய்தன. மேலை நாட்டு வைத்திய சாஸ்திரம் வளர்ந்த விதம் மற்றொரு விதத்தில் துணை செய்தது.

நம் முன்னோர் வாயைப் பேணவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. எழுந்தவுடன் செய்ய வேண்டிய நித்திய கர்மங்களில் தந்தசுத்திக்கு அவர்கள் கொடுத்த ஸ்தானம் மிக உயர்ந்தது. வேப்பங்குச்சியும் ஆலம் விழுதும் கருவேலங்குச்சியும் நாயுருவி வேரும், குச்சி கிடைக்காத இடத்தில் உமிக்கரியும் உப்பும், நாக்கு வழிக்க இரண்டாகக் கிழித்த தென்னை ஈர்க்கும், எந்தக் குடிசைக்கும் எட்டாதவையாக இருந்ததில்லை. பல் துலக்காமல் பச்சைத் தண்ணீரும் பருகலாகாது என்ற விதியைக் குழந்தைகள்கூட மீறத் துணிந்ததில்லை. ஆயினும் இந்த வழக்கத்தை ஊன்றிப் பார்க்கும்போது, அதன் உள்ளே இயங்கியது ஆரோக்கிய சிந்தையைவிட ஆசார சிந்தையே என்று கருத வேண்டியிருக்கிறது. இரவெல்லாம் வாயில் ஊறிய எச்சில் தீட்டு. அதைப் போக்கிக்கொண்டால்தான் பூஜைக்கும் போஜனத்துக்கும் ஒருவன் யோக்கியனாகிறான். போக்கிக்கொண்டாயிற்று, அன்றைய கடமை முடிந்தது. அதன்பிறகு இரவுச் சாப்பாடு முடிந்து, பழம் தின்று, பால் அருந்தி, வாயை ஒரு முறை கொப்பளித்துவிட்டுப் படுத்துக்கொள்ளும்போது, பல்லிடுக்கில் தங்கியதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஆசாரத்தின் கணக்கில் அது மறுநாள் காலைக்குரிய விஷயம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நம்முடைய பழைய வைத்திய நூலார் அப்படிச் சொல்லவில்லை என்பதுதான். வாக்படர் தம் அஷ்டாங்க ஹிருதயத்தில், தினந்தோறும் செய்ய வேண்டியவற்றைக் கூறும் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே, பல் துலக்கும் குச்சி சுண்டுவிரற் பருமனும் பன்னிரண்டு அங்குல நீளமும் உடையதாய், நுனி மிருதுவாய், துவர்ப்போ கார்ப்போ கசப்போ உள்ள மரத்தினதாய் இருக்க வேண்டுமென்றும், ஈறுகளை நோகச் செய்யாமல் துலக்க வேண்டுமென்றும் விதித்துவிட்டு, அதைச் செய்யும் காலம் காலையும், உணவுக்குப் பின்னரும் என்று தெளிவாகக் குறிப்பிடுகிறார். அஜீரணம், காய்ச்சல், இருமல், முகவாதம் முதலியவற்றால் வருந்துகிறவர் குச்சி வைத்துத் துலக்கலாகாது என்று விலக்கும் சொல்கிறார். வாய்க்கு விதி வகுக்கும்போதே வயிற்றையும் நெஞ்சையும் நினைத்துக்கொள்ளும் வைத்தியர் அவர். நாம் அவர் சொன்னவற்றில் காலையை எடுத்துக்கொண்டோம்; உணவுக்குப் பின்னரை விட்டுவிட்டோம். மரத்தையும் குச்சியையும் பற்றிய பெருமிதம் மட்டும் இன்றைக்கும் குறையவில்லை. கரியும் செங்கற்பொடியும் வைத்து ஆயுள் முழுவதும் அரைத்துத் தேய்த்தவர்களின் பற்கள், எனாமல் தேய்ந்து, குளிர்ந்த நீர் பட்டாலே கூசும் நிலைக்கு வந்துவிட்டதை நேரில் பார்த்தவர்கள் அந்தப் பெருமிதத்தைச் சற்று அடக்கியே பேசுவார்கள்.

எச்சிலைத் தீட்டென்று ஒதுக்கிய நாம், அதைப்போல் நமக்குக் காவல் செய்யும் பொருள் வாயில் வேறொன்றும் இல்லை என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. காதடியிலும் தாடையின் கீழும் நாக்கின் அடியிலுமாக அமைந்த மூன்று ஜோடிப் பெரிய சுரப்பிகள் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீரைச் சுரக்கின்றன. நாம் உண்ணும் மாவையும் சர்க்கரையையும் பற்களின்மேல் படிந்திருக்கும் கிருமிகள் தாமும் உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. இனிப்பு வாயில் பட்ட சில நிமிஷங்களில் அந்த அமிலம் எனாமலைக் கரைக்கத் தொடங்கும் அளவை எட்டிவிடுகிறது. உமிழ்நீர் அதைத் தணித்து, தன்னிலுள்ள சுண்ணாம்புச் சத்தையும் பாஸ்பேட்டையும் கொடுத்து, கரைந்த இடத்தை மெல்ல மெல்லப் பூசி அடைக்கிறது. இவ்வளவுக்கும் அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் அவகாசம் வேண்டும். காலைக் காபி, பதினோரு மணிக்கு ஒரு டீ, நான்கு மணிக்கு டீயும் பிஸ்கோத்தும், நடுவே வாயில் ஒதுக்கிக்கொள்ளும் ஒரு மிட்டாய் என்று நாம் அந்த அவகாசத்தை இடைவிடாமல் பறித்துக்கொண்டே இருக்கிறோம். கெடுதல் தின்ற சர்க்கரையின் அளவைக் காட்டிலும் எத்தனை தடவை தின்றோம் என்பதைப் பொறுத்தது. இது ஸ்வீடனில் விப்பேஹோல்ம் என்னும் மனவளர்ச்சி குன்றியோர் விடுதியில், தம் சம்மதத்தைச் சொல்லும் சக்தியற்ற நோயாளிகளுக்கு ஒட்டும் மிட்டாய்களை இடையிடையே கொடுத்துப் பற்களைச் சொத்தையாக்கிக் கண்ட உண்மை. 1954இல் அது வெளிவந்தது. உண்மை பயனுள்ளதுதான், அதைத் தேடிய வழி இன்றைக்கும் உறுத்துகிறது. இன்னொன்று: தூக்கத்தில் உமிழ்நீர்ச் சுரப்பு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. காவற்காரன் இல்லாத அந்த எட்டு மணி நேரத்துக்கு வாயை எப்படி ஒப்படைக்கிறோம் என்பதே முக்கியம். காலையில் துலக்குவது நம் நாற்றத்தை ஊரார் அறியாமலிருக்க. இரவில் துலக்குவதுதான் பல்லுக்காக.

பல்லின்மேல் படிகிற அந்த வெண்மையான பசையைக் கண்ணாடி வைத்து முதன்முதலில் பார்த்தவர் ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரியான லீவன்ஹூக். அவர் 1683இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில், தாம் தினமும் காலையில் உப்பு வைத்துப் பல் தேய்த்து நீரால் கொப்பளிப்பவர் என்றும், அப்படியிருந்தும் பல்லிடுக்கில் சுரண்டியெடுத்த பசையில் எண்ணற்ற சிற்றுயிர்கள் நீந்தித் திரிவதைக் கண்டதாகவும் வியப்போடு சொல்கிறார். அந்தப் பசைதான் ஈறு நோய்க்கு மூலகாரணம் என்பது ஐயத்துக்கிடமில்லாமல் தெரிய மேலும் ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகள் சென்றன. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்ட் லோயெ என்பவரும் அவர் தோழர்களும், நல்ல ஈறுகளையுடைய பன்னிரண்டு பேரைப் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தும்படி கேட்டுக்கொண்டார்கள். மூன்று வாரத்துக்குள் பன்னிரண்டு பேருக்கும் ஈறு அழன்றது. மறுபடி துலக்கத் தொடங்கிய ஒரு வாரம் பத்து நாளில் எல்லோருக்கும் ஆறிப்போயிற்று. 1965இல் வெளிவந்த அந்த ஆய்வு எளிமையால் அழகு பெற்றது. ஆனால் மூன்று வாரம் துலக்காமலிருப்பது வேறு, வாழ்நாள் முழுவதும் துலக்காமலிருப்பது வேறு. அதைக் காண வேண்டுமானால், பிரஷும் பல் வைத்தியரும் எட்டிப் பாராத ஒரு ஜனக்கூட்டம் வேண்டும்.

அந்தக் கூட்டத்தை லோயெ இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் கண்டார்.

அவர்கள் நம்மவர்கள். திருச்சிராப்பள்ளியிலிருந்தும் சேலத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கங்காணிகளின் பின்னே போன குடும்பங்களின் வழிவந்தவர்கள். 1948ஆம் வருஷத்துச் சட்டத்தால் பிரஜா உரிமை இழந்து, எந்த நாட்டுக்கும் உரியவராகாமல், லயத்து அறைகளில் வாழ்ந்தவர்கள். 1970இல் பதினான்கு வயது முதல் முப்பத்தொரு வயது வரையிலான 480 ஆண் தொழிலாளர்களின் வாய்களை ஆய்வாளர் பரிசோதித்தனர். அதற்கு முந்திய வருஷம் நார்வேயின் ஆஸ்லோ நகரில் 565 மாணவர்களையும் கல்வியாளர்களையும் இதேபோலப் பரிசோதித்திருந்தார்கள். ஒரு பக்கம், சிறுவயதிலிருந்தே பள்ளிக்கூடத்தில் பல் வைத்தியர் பார்த்து வளர்ந்தவர்கள். மறுபக்கம், பல் வைத்தியம் என்ற ஒன்றையே அறியாதவர்கள். தோட்டத்துக்காரர்களின் பற்களில் சொத்தை என்பது அநேகமாக இல்லை. அவர்களைத் தொடர்ந்து கவனித்த பதினைந்து ஆண்டுகளில் நேர்ந்த பல் இழப்பு முழுவதும் ஈறு நோயினால் நேர்ந்தது. ஆகவே, யாரும் தலையிடாமல் விட்டால் அந்த நோய் எப்படி நடைபோடும் என்பதை அவ்வாய்கள் கலப்பில்லாமல் காட்டின.

1986இல் வெளிவந்த முடிவு பல் வைத்தியம் படிக்கும் மாணவர்கள் உலகெங்கும் மனப்பாடம் செய்வது. எல்லோர் வாயிலும் பசை. எல்லோர் பல்லிலும் காரை. எல்லோர் ஈறும் அழன்றிருந்தது. ஆயினும் எல்லோருக்கும் ஒரே கதி நேரவில்லை. நூற்றுக்கு 8 பேருக்கு நோய் குதிரை வேகத்தில் ஓடியது. முப்பத்தைந்து வயதில் 12 பற்களும், நாற்பதில் 20 பற்களும் போய், நாற்பத்தைந்தில் வாய் வெறுமையாயிற்று. நூற்றுக்கு 81 பேருக்கு நிதானமாக நடந்தது. நாற்பத்தைந்து வயதில் அவர்கள் இழந்தது 7 பல். மிச்சமிருந்த 11 பேருக்கோ, ஈறு சிவந்ததோடு சரி. அதற்கப்பால் ஒன்றும் நேரவில்லை.

இந்தக் கடைசி வகுப்பார் என்னை மிகவும் சிந்திக்க வைக்கிறார்கள். பல் வியாதியைக் குறித்துப் பேசும்போது நம்மிடம் தானாகவே ஒரு நீதிபதியின் தோரணை வந்துவிடுகிறது. துலக்கினவன் பல்லோடிருப்பான், துலக்காதவன் பல்லிழப்பான், அது அவனவன் செய்த வினை என்கிறோம். பல் டாக்டரின் நாற்காலியில் சாய்கிறவர்கள் குற்றவாளியின் முகத்தோடு சாய்வதற்கும், பலர் அந்த நாற்காலிக்கே வராமல் ஒளிந்து திரிவதற்கும் இந்தத் தோரணையே பாதிக் காரணம். ஒரே லயத்தில், ஒரே சோற்றையும் ரொட்டியையும் தின்று, ஒரே வெற்றிலையை மென்று, ஒரே விதமாகப் பல்லைக் கவனியாமல் விட்ட மனிதருள் ஒருவன் நாற்பத்தைந்தில் பொக்கை வாயனாகவும், மற்றொருவன் முழுப் பற்களோடும் இருந்தான் என்றால், வினையைவிட உடலின் பிரகிருதிக்கு அதில் பங்கு அதிகம் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தாம் எந்த வகுப்பைச் சேர்ந்தவர் என்பது ஒருவருக்கும் முன்கூட்டித் தெரியாது. அதனால்தான் எல்லோரும் துலக்க வேண்டியிருக்கிறது.

அந்த 480 பேரில் 1985இல் மறுபடி பரிசோதிக்கப்பட்டவர்கள் 161 பேர். இடைப்பட்ட ஆண்டுகள், 1964இல் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தோட்டத்துக் குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு தலைமன்னாரில் கப்பலேறி, கண்ணாலும் கண்டிராத தாய்நாட்டுக்கு வந்திறங்கிய ஆண்டுகள். 1977இலும் 1983இலும் தீயும் கொலையும் மலைநாட்டையும் தொட்ட ஆண்டுகள். 2010இல் ஆய்வாளர் மீண்டும் சென்றபோது பரிசோதனைக்குக் கிடைத்தவர்கள் 75 பேர். மருத்துவப் புத்தகத்தில் ஒரு வளைகோடாக வரையப்பட்டிருக்கும் அவ்வாழ்க்கைகளுக்குப் பற்களைக் காட்டிலும் பெரிய இழப்புகள் எவ்வளவோ இருந்தன. எனினும், உலகம் ஈறு நோயைப் பற்றி அறிந்தவற்றுள் மிக உறுதியான ஒரு பகுதி, யாரும் கவனியாமல் விட்ட தமிழ்த் தொழிலாளரின் வாய்களிலிருந்து கிடைத்தது என்பதை, அந்தப் பாடத்தை மனப்பாடம் செய்யும் நம் மாணவர்களுக்கேனும் யாராவது சொல்லலாம்.

மேலை நாட்டு வைத்தியம் வாயை உடம்பிலிருந்து பிரித்த கதைக்கு வருகிறேன். அங்கும் இங்கும் பல் பிடுங்குவது நெடுங்காலம் நாவிதர் கையில் இருந்த தொழில். கண்ணியமான வைத்தியர் அதைத் தொட மாட்டார். 1840இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பல் வைத்தியத்துக்கென்றே உலகின் முதற் கல்லூரி தோன்றியபோது, அத்தொழில் கௌரவம் பெற்றது. கூடவே வைத்தியக் கல்லூரியின் கூரைக்கு வெளியே தனிக் குடித்தனமும் போயிற்று. நம் நாட்டில் 1920இல் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது கல்கத்தாவில் தொடங்கிய கல்லூரியும், 1948ஆம் வருஷத்துப் பல் வைத்தியர் சட்டமும் அதே வழியையே பின்பற்றின. பிறகு நடந்தது என்னவென்றால், இருதயத்தைப் பார்க்கிறவர் வாயைத் திறந்து பார்ப்பதில்லை. வாயைப் பார்க்கிறவர் நீரிழிவைப் பற்றிக் கேட்பதில்லை.

நடுவே ஒரு காலத்தில் இதற்கு நேர்மாறான பித்தும் பிடித்திருந்தது. 1910இல் வில்லியம் ஹண்டர் என்ற லண்டன் வைத்தியர் மாண்ட்ரியலில் நிகழ்த்திய ஒரு சொற்பொழிவில், அழுகிய பற்களை மூடித் தங்கத்தால் கோபுரம் கட்டும் பல் வைத்தியரைக் கடுமையாகச் சாடி, காரணம் தெரியாத எத்தனையோ நோய்களுக்கு அந்தச் சீழ்தான் ஊற்றுக்கண் என்று முழங்கினார். கருத்து காட்டுத் தீயாகப் பரவியது. மூட்டுவாதமா, பல்லைப் பிடுங்கு. வயிற்றுவலியா, பல்லைப் பிடுங்கு. அமெரிக்காவில் ட்ரெண்டன் நகரத்து அரசாங்க மனநோய் மருத்துவமனையின் தலைவராயிருந்த ஹென்றி காட்டன், சித்தப்பிரமைக்கும் வாயிலுள்ள கிருமிகளே காரணமென்று முடிவு செய்து, நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார். பிரமை தெளியாதபோது தொண்டைச் சதையை வெட்டினார். அதிலும் தெளியாதபோது பெருங்குடலை அறுத்தார். அறுவைக்குப் பின் இறந்தவர் பலர். நம்பிக்கையின் வேகத்தில் தம் பிள்ளைகளின் பற்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1938இல் செசில், ஆஞ்செவைன் என்ற இருவர் 200 மூட்டுவாத நோயாளிகளைக் கணக்கெடுத்து, பல் பிடுங்கியதால் யாதொரு பயனும் விளையவில்லை என்று காட்டினார்கள். செசில் அதற்குமுன் அக்கொள்கையை ஆதரித்துவந்தவர். 1940க்குப் பிறகு கொள்கை சரிந்தது. பித்துத் தெளிந்த வெட்கத்தில் வைத்திய உலகம் மறுகோடிக்குப் போய், வாய்க்கும் உடம்புக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் ஐம்பது வருஷம் மௌனம் சாதித்தது.

மௌனத்தைக் கலைத்தது 1989இல் ஃபின்லாந்திலிருந்து வந்த ஓர் ஆய்வு. மாரடைப்பு வந்தவர்களின் வாய், மற்றவர்களுடையதைவிடக் கெட்டிருந்தது என்றது அது. அன்று முதல் பற்பசை விளம்பரங்கள்வரை இருதயம் வந்துவிட்டது. அவசரப்பட வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பது மெய். ஆனால் புகைப் பழக்கமும் வறுமையும் நீரிழிவும் இரண்டுக்கும் பொதுவானவை. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இன்னும் நிரூபணமாகவில்லை என 2012இல் அமெரிக்க இருதயச் சங்கமே நிதானமாகச் சொல்லியிருக்கிறது. காட்டனின் கதையை அறிந்தவர்களுக்கு இந்த நிதானம் அருமையானது. மாரடைப்பைக் காட்டிப் பயமுறுத்தினால்தான் மனிதர் பல் துலக்குவார்கள் என்று நினைப்பதும் அவர்களை அவமதிப்பதே.

உறுதியாகத் தெரிந்தவையே போதுமானவை. பல் பிடுங்கும்போது வாய்க் கிருமிகள் இரத்தத்தில் நுழைகின்றன என்பதை 1935இலேயே ஓகல், எலியட் என்ற இருவர் லண்டனில் காட்டிவிட்டார்கள். நல்ல இருதயம் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் சிறுவயதில் வாதக் காய்ச்சல் கண்டு இருதய வால்வு பழுதடைந்தவர் நம் நாட்டில் ஏராளம், அவர்களுடைய வால்வில் அக்கிருமிகள் கூடு கட்டினால் உயிருக்கே ஆபத்து. அடுத்தது நீரிழிவு. சர்க்கரை கட்டுக்கடங்காதவருக்கு ஈறு நோய் முற்றுகிறது; முற்றிய ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகிறது. ஈறுக்கு முறையாகச் சிகிச்சை செய்தால், மூன்று நான்கு மாதத்தில் சர்க்கரையின் சராசரி அளவு சிறிது இறங்குகிறது என்பது பல பரிசோதனைகளில் தெளிவாகியிருக்கிறது. வீட்டுக்கு ஒருவர் மாத்திரை விழுங்கும் இந்தக் காலத்தில், கால் பாதத்தைப் பார்க்கச் சொல்லும் சர்க்கரை நோய் மருத்துவர் ஈறையும் ஒருமுறை பார்க்கச் சொல்லலாம். புகையிலையையும் பாக்கையும் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் விளைப்பதே என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் அறிவித்த பிறகு, தாம்பூலத்தின் மங்களத்தைப் பற்றி வாதாட எனக்கு மனமில்லை. இரண்டு வாரத்துக்குமேல் ஆறாத வாய்ப்புண்ணை டாக்டரிடம் காட்டியாக வேண்டும்.

இவையெல்லாவற்றையும்விட என் மனத்தில் தங்கிய ஆய்வு, ஜப்பானில் பதினொரு முதியோர் விடுதிகளில் இரண்டு வருஷம் நடந்தது. யோனெயாமா என்பவரும் மற்றவர்களும் விடுதியிலிருந்த 417 முதியவர்களை இரு பிரிவாக வகுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் பணிப்பெண்கள் பிரஷால் வாயைச் சுத்தம் செய்தார்கள். வாரம் ஒருமுறை பல் வைத்தியர் வந்து பார்த்தார். மற்றப் பிரிவினர் வழக்கம்போல் விடப்பட்டார்கள். வழக்கம்போல் விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 19 பேருக்கு நிமோனியா கண்டது. வாய் துலக்கப்பட்டவர்களில் 11 பேருக்கே கண்டது. பல் உள்ளவர், இல்லாதவர் இருவருக்கும் இதனால் பயன் விளைந்தது. காரணம் விளங்காததன்று. முதுமையில் விழுங்கும் திறன் தளர்கிறது. தூக்கத்தில் வாயின் நீர் துளித்துளியாகச் சுவாசக் குழாயில் இறங்குகிறது. அந்த நீரில் என்ன இருக்கிறதோ அதுவே நுரையீரலுக்குப் போகிறது. வாய் வேறு உடம்பு வேறு என்பதற்கு இதைவிட நேரான மறுப்பு ஒன்று இருக்க முடியாது. இதில் தங்கக் கோபுரமும் இல்லை, கத்தியும் இல்லை. ஒருவருடைய கை மற்றொருவருடைய வாயைத் துலக்கியது, அவ்வளவே.

நம்முடைய வீடுகளில் கிழவரும் கிழவியும் பொக்கை வாயோடு இருப்பதை மழை வெயிலைப்போல் இயற்கையென்று ஏற்றுக்கொண்டிருக்கிறோம். சித்திரக்காரர் வரையும் பாட்டிக்குப் பல்லே இருப்பதில்லை. அவள் இடிகல்லில் வெற்றிலை இடிப்பதைப் பார்த்து ரசிக்கிற நாம், கடலையையும் கொய்யாவையும் கீரைத்தண்டையும் அவள் எந்த வருஷம் விட்டாள் என்று கேட்டதில்லை. விட்டவள் குழைத்த சோற்றிலும் ரசத்திலும் காலம் தள்ளுகிறாள், தசை மெலிகிறது, பிறகு வயசாகிவிட்டது என்கிறோம். பல்செட் கட்டிக்கொண்டவர் அதை இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டுமென்பதும், கழற்றிய பிறகு ஈறையும் நாக்கையும் துடைக்க வேண்டுமென்பதும் பலருக்கு யாரும் சொல்லிக்கொடுக்காத சங்கதிகள்.

படுக்கையில் விழுந்துவிட்டவர் நிலை இன்னும் மோசம். மருமகள் முகம் சுளிக்காமல் மலஜலம் அள்ளுகிறாள். மகன் வெந்நீர் வைத்து உடம்பு துடைக்கிறான். வாரம் ஒரு நாள் நாவிதரும் வந்து போகிறார். வாயை மட்டும் யாரும் தொடுவதில்லை. அடுத்தவர் எச்சிலில் விரல் வைப்பதற்கு, மலஜலம் அள்ளுகிற கைக்கும் ஏனோ ஒரு கூச்சம். படுத்திருப்பவருக்கும், தம் வாயைப் பிறருக்குத் திறந்து காட்டுவதில் கடைசிவரை ஒரு மானம். கூச்சம் இரண்டு பக்கமும் இருப்பதால், நாளடைவில் நாக்கு தடித்து வெள்ளை படர்ந்து, அறைக்குள் நுழையும்போதே ஒரு வாடை அடிக்கிறது. அதை நோயின் வாடை என்று எண்ணிக்கொள்கிறோம். தலையணையை உயர்த்தி, உயர்த்த இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாதபடி கீழே ஒரு கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷை நனைத்துப் பிழிந்து பற்களையும், ஈரத் துணியை விரலில் சுற்றி ஈறுகளையும் நாக்கையும் கன்னத்தின் உட்புறத்தையும் துடைத்தெடுக்க ஐந்து நிமிஷம் ஆகும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு செய்வது மிகவும் நல்லது. முதல் இரண்டு நாள் பெரியவர் வாயை இறுக மூடிக்கொள்வார்.